யூத வீட்டில் பராமரிப்பு வேலை: எனக்கு யாரும் சொல்லாதவை

இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கிளம்புகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 2014 கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து வந்தேன். வருவதற்கு முன் நடந்த பயிற்சியில் படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, சர்க்கரை எப்படிப் பார்ப்பது, ஹீப்ருவில் ‘தண்ணீர்’, ‘வலிக்கிறதா’ என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. ஒன்று, யூத வீட்டுக்குள் இரவும் பகலும் வாழ்வது எப்படி இருக்கும் என்பது. இன்னொன்று, நாம் பார்த்துக்கொள்கிறவர் இறந்துபோனால் நம் கதி என்ன என்பது. இரண்டையும் தனியாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் பயமும் அங்கிருந்துதான் தொடங்கியது. ஏஜென்டுக்கு நான் கொடுத்தது எட்டு லட்சம். அம்மாவின் நகையை அடகு வைத்தது போக மீதியை மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கினோம். வந்த பிறகுதான், தொழிலாளியிடம் வாங்கக்கூடிய தொகைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருப்பதும், அது அப்போது நாலாயிரம் ஷெக்கலைக்கூடத் தொடவில்லை என்பதும் தெரிந்தது. ரூபாயில் அறுபதாயிரம் சொச்சம். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 4,300 ஷெக்கல், சுமார் எழுபதாயிரம் ரூபாய். ஒன்றரை வருடம் சம்பாதித்ததெல்லாம் அந்தக் கடனுக்கே போனது. அத்தனை கடன் தலையில் இருக்கும்போது எந்த வீட்டிலும் எதையும் எதிர்த்துக் கேட்க வாய் வராது. விதிகள் இப்போது மாறியிருக்கின்றன, இன்னும் மாறும். கிளம்புவதற்கு முன் அன்றைய உச்சவரம்பு என்ன என்று விசாரியுங்கள். ரசீது தராத ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் போய்ச் சேர்ந்த வீடு நெகேவ் பாலைவனத்தில், பேர்ஷெபா பக்கம் நெவாதிம் என்கிற கிராமத்தில் இருந்தது. இங்கே இப்படிப்பட்ட கூட்டுறவுக் கிராமத்தை மொஷாவ் என்பார்கள். 1954இல் கொச்சி யூதர்கள் வந்து குடியேறிய ஊர் அது. ஊருக்குள் கேரளப் பாணியில் ஒரு ஜெப ஆலயம் உண்டு. நான் பார்த்துக்கொண்ட பாட்டி, பெரியாற்றங்கரையில் பறவூர் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்து, பதினாறு வயதில் கப்பலேறியவர். மறதி நோய் முற்றி, அறுபது வருடம் பேசிய ஹீப்ரு அவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. மலையாளம் மட்டும் மிஞ்சியது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையாளத்தில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. அதனால்தான் மலையாளம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு என்னை எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் தமிழோடு மலையாளமும் சேர்ந்தே வாயில் புழங்கும். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஊரை விட்ட 1954இல் மார்த்தாண்டமும் சேந்தமங்கலமும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம். அதைச் சொன்னதும், ‘அப்போ நீ நம்ம நாட்டுக்காரிதானே மோளே’ என்றார் பாட்டி. அன்றிலிருந்து எனக்கு அங்கே மூச்சு விட முடிந்தது.

சமையலறையில் நுழைவதற்கு முன் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கோஷர் என்கிற யூத உணவு விதி, பன்றி சாப்பிடாமல் இருப்பது மட்டுமல்ல. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, தனித்தனித் தேய்ப்பான், சில வீடுகளில் தனித்தனித் தொட்டி. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் சேர்த்த எதையும் மணிக்கணக்கில் தொடமாட்டார்கள். முதல் நாளே வீட்டுக்காரரை நிற்க வைத்து ஒவ்வோர் அலமாரியையும் கேட்டு, பாத்திரங்களில் நிற ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். அதை யாரும் தவறாக எடுப்பதில்லை, சந்தோஷப்படுவார்கள். செதிலும் துடுப்பும் இல்லாத மீன் வீட்டுக்குள் வரக்கூடாது. சுறா, கெளுத்தி, இறால், நண்டு எதுவும் ஆகாது, பெட்டியில் கருவாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சட்டியில் ஊற்ற வேண்டும். கொச்சிக்காரர் வீட்டில் நமக்கு ஒரு பெரிய ஆறுதல் தேங்காய்ப்பால். அது பால் கணக்கில் வராது என்பதால் கோழிக்கறியில் தாராளமாக ஊற்றலாம். பாட்டி வீட்டுக் கறியின் வாசனை எங்கள் வீட்டுக் கறிக்கு அவ்வளவு கிட்ட இருந்தது, முதல் வாரம் சாப்பிட உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் என்னை ரொம்ப வலிக்க வைத்தது. வெள்ளிக்கிழமை இரவு மேசையில் திறந்திருந்த திராட்சை ரசப் புட்டியை நகர்த்தி வைக்கக் கை நீட்டினேன். பாட்டியின் மகன் சட்டென்று அதை எடுத்துக்கொண்டார். யூதரல்லாதவர் கை பட்ட ரசத்தைப் பக்தியுள்ளவர்கள் குடிக்கமாட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. காய்ச்சிய ரசத்துக்கு அந்தத் தடை இல்லை. நம் ஊரில் தனிக் குவளை என்றால் என்ன என்று தெரிந்த யாருக்கும் அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் கேட்டேவிட்டேன். பழைய காலத்தில் சிலைகளுக்குப் படைத்த ரசத்தைக் குடித்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது, உன்னைப் பற்றியது இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். விளக்கம் புரிந்தது. வலி முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் காய்ச்சிய ரசமே வாங்க ஆரம்பித்தார்கள், நான் கேட்காமலே. இது உங்களுக்கும் நடக்கலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவ்வளவு அடிபடாது.

ஷபாத் என்கிற வார ஓய்வு நாளைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டுவது, ஸ்விட்ச் போடுவது, வண்டி ஓட்டுவது, போன் எடுப்பது எதுவும் கிடையாது. விளக்குகள் டைமரில் ஓடும். உணவு ‘பிளாட்டா’ என்கிற சூட்டுத் தட்டில் இரவு முழுக்க இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பல்பைக்கூட முன்னாலேயே நிறுத்தி வைப்பார்கள். நம்மிடம் ‘லைட்டைப் போடு’ என்று நேராகக் கேட்பதற்கும் அவர்களுக்குத் தடை. ‘அறை இருட்டாக இருக்கிறதே’ என்று மட்டும் சொல்வார்கள். அது புலம்பல் இல்லை, நமக்கான குறிப்பு. ஆனால் நோயாளி விஷயத்தில் நிலைமை வேறு. உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத் பின்னால் போய்விடும், அது அவர்கள் மதத்தின் கட்டளையே. ஆம்புலன்ஸ் எண் 101, எந்த நாளும் வரும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு நமக்குச் சட்டப்படி உரிமை. யூதரல்லாதவர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சனிக்கிழமை பெரும்பாலான ஊர்களில் பஸ் ஓடாது என்பதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

பெசாக் என்கிற பஸ்கா பண்டிகைதான் வேலையில் பெரியது. கோதுமை, பார்லி போன்ற ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. ரவை, மைதா, பிஸ்கட், ஹார்லிக்ஸ் என்று எல்லாம் வெளியே போக வேண்டும். நம் கடைப் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதனால் அதுவும், அது சேர்ந்த சாம்பார் பொடியும்கூடப் போக வேண்டும். இதை அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் பெருங்காயம் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. கொச்சி யூதர்கள் பெசாக்கில் அரிசி சாப்பிடுவார்கள். ஆனால் ஒரு கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று தடவை பொறுக்க வேண்டும். வெள்ளைத் துணி விரித்து அரிசி பொறுக்கும்போது பாட்டிக்குக் கை மறக்கவே இல்லை. என் பெயரை மறந்த நாளில்கூட விரல் தானாக ஓடியது. சேந்தமங்கலத்தில் குளிர்காலத்து ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு பெசாக் வேலை தொடங்கிவிடுமாம், வீடு முழுக்க வெள்ளையடிப்பார்களாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாஸி யூதர்கள் அரிசியையே பெசாக்கில் தொடமாட்டார்கள் என்பதை அப்புறம் வேறொரு வீட்டில் பார்த்தேன். ஒரு வீட்டில் கற்றது அடுத்த வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. இந்தக் குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

பாட்டி ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் குறுக்கே பேசமாட்டேன். கேரளத்தில் யூதர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்கு சாலமோன் ராஜா காலத்துக் கப்பல் வரை கதை உண்டு. கையில் பிடிக்கக்கூடிய சாட்சி, சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் யோசேப்பு ரப்பான் என்பவருக்குக் கொடுத்த செப்பேடு. அது மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் காக்கப்பட்டு வந்தது. 1568இல் கட்டிய அந்த ஆலயத்தைச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதே ஆலயத்தில், விடுதலையான அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சரிசமமாக உட்கார இடம் தரவில்லை. ஏ. பி. சாலெம் என்ற வழக்கறிஞர் அங்கேயே சத்தியாக்கிரகம் செய்துதான் வழி பிறந்தது. ‘யூத காந்தி’ என்று அவரைச் சொல்வார்கள். பாட்டியின் மக்களான மலபார் யூதர்களையும், பின்னால் வெளிநாடுகளிலிருந்து வந்த பரதேசி யூதர்கள் தாழ்வாகத்தான் பார்த்தார்கள். பிறகு இஸ்ரேலுக்கு வரலாம் என்றதும், கொச்சிக்காரர்களுக்கு யானைக்கால் நோய் இருக்கும் என்று பயந்து இந்த நாட்டுச் சுகாதார அதிகாரிகள் சில வருடம் தாமதப்படுத்தினார்கள். புறப்படத் தயாராகிவிட்டுக் காத்திருந்த அந்தக் காலத்தைச் சொல்லும்போது மட்டும் பாட்டி குரல் கடுக்கும். ‘எங்க காலைக் காட்டச் சொன்னாங்க மோளே’ என்பார். ரசப் புட்டி விஷயத்தில் எனக்கு இருந்த மனத்தாங்கல் இந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆறியது. அவமானப்படுவது என்ன என்று அந்த வீட்டுக்கும் தெரியும்.

கொச்சிப் பெண்களுக்கு மலையாளத்தில் யூதப் பாட்டுகள் உண்டு. நோட்டில் எழுதி வைத்துக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் சேர்ந்து பாடுவார்கள். பாட்டி கட்டில் அருகே அப்படி ஒரு நோட்டு இருந்தது. கடைசி இரண்டு வருடம் அவர் பேசியதைவிடப் பாடியதுதான் அதிகம்.

2018 நவம்பரில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், பாட்டி போய்விட்டார். புரட்டிப் படுக்க வைக்கப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. 101ஐக் கூப்பிட்டேன், வந்து பார்த்து, இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். என்னென்ன மருந்து, கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேள்வி மேல் கேள்வி. தனியாக இருந்த வெளிநாட்டுக்காரி நான், கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மருந்துப் பட்டியலும் டாக்டர் சீட்டுகளும் இரவு நேரக் குறிப்பும் ஒரே பைலில் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. நீங்களும் முதல் மாதமே அப்படி ஒரு பைல் போட்டுவிடுங்கள், குடும்ப டாக்டர் எண்ணை அதன் அட்டையிலேயே எழுதுங்கள். மகன் வீட்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை, ஷபாத்தில் எடுக்கமாட்டார்கள். இருட்டில் நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். வேறு ஊரில் இருந்த மகளுக்கு இரவுவரை தெரியாது.

ஷபாத்தில் அடக்கம் கிடையாது, உடலை எடுத்துப்போகவும் மாட்டார்கள். அந்தப் பகல் முழுக்கப் பாட்டி அதே அறையில் இருந்தார். இறந்தவரைத் தனியாக விடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதனால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்கள். நவம்பரிலும் அங்கே பகலில் சூடு உண்டு. மகன் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், ‘அறை சூடாக இருக்கிறது’ என்றார். நான் போய் ஏசியைப் போட்டேன். நாலு வருடத்தில் எத்தனையோ தடவை கேட்ட மாதிரியான குறிப்புதான், அன்றைக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

ஷபாத் முடிந்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. ஹெவ்ரா கதீஷா என்கிற அடக்கக் குழுப் பெண்கள் வந்து உடலைக் கழுவி வெள்ளைத் துணி உடுத்தினார்கள். அன்று இரவே அடக்கம். பெட்டி கிடையாது, துணியோடு மண்ணுக்குள். பிள்ளைகள் சட்டையின் கழுத்துப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டார்கள். மண் தள்ளும் மண்வெட்டியைக் கைமாற்றிக் கொடுக்கமாட்டார்கள், கீழே வைப்பார்கள், அடுத்தவர் எடுப்பார். 91ஆம் சங்கீதம் சொன்னபோது எனக்கு அது தமிழில் மனப்பாடம் என்பதால் கூடவே உதடு அசைத்தேன். கல்லறையை விட்டு வெளியே வரும்போது கை கழுவ வேண்டும். இரவு நேரத்தில் பாலைவனத்தில் குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் அந்த நேரத்தில் நம்மிடம் சொல்ல ஒரு ஆள் இருக்காது.

அப்புறம் ஷிவா என்கிற துக்கம் காப்பது, ஏழு நாள். கண்ணாடிகளைத் துணியால் மூடி, துக்கம் காப்பவர்கள் தாழ்ந்த நாற்காலியில் உட்காருவார்கள். முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவது, அதில் அவித்த முட்டையும் பருப்பும் இருக்கும். வருகிறவர்கள் துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை தாங்களாகப் பேசமாட்டார்கள். அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி, இந்த ஏழு உறவுகளுக்கு மட்டுமே ஷிவா. நாலு வருடம் இரவும் பகலும் பாட்டியின் மூச்சைக் கேட்டுத் தூங்கிய எனக்கு அந்த முறையில் இடமில்லை. வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, டம்ளர் கழுவி, குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊராக இருந்தால் வாய்விட்டு அழுதிருக்கலாம். இரவு என் அறைக் கதவைச் சாத்தி, தலையணையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது நாள் மகள் சமையலறைக்கு வந்து, ‘அம்மா கடைசியாக என்ன சொன்னாங்க? என்ன பாடினாங்க?’ என்று கேட்டார். ஷிவாவில் இறந்தவரைப் பற்றிய கதைகளைத்தான் உட்கார்ந்து பேசுவார்கள். பாட்டியின் கடைசி நாலு வருடத்துக் கதைகள் எல்லாமே மலையாளத்தில் நடந்தவை, என்னைத் தவிர யாரிடமும் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹீப்ருவில் உட்கார்ந்து சொன்னேன். பெசாக் அரிசி, சேந்தமங்கலத்து வெள்ளையடிப்பு, யானைக்கால் சோதனை, எந்தப் பாட்டைப் பாடினால் சிரிப்பார், எதற்கு அழுவார் என்று எல்லாம். மகன் பேத்தியைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். முதியவர் பேசுவதை அவ்வப்போது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போனில் பதிவு செய்வதானால் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மறதி நோயுள்ளவரின் வீட்டில் அதைவிடப் பெரிய உதவி ஒன்றை நான் செய்ததாக நினைக்கவில்லை.

ஷிவா முடிந்த மறுநாள் விசா பயம் வந்து உட்கார்ந்தது. நம் விசா அந்த முதியவரோடு கட்டப்பட்டது. அவர் இறந்தால் குறுகிய அவகாசத்துக்குள் அடுத்த வீடு கிடைக்க வேண்டும். நாட்டுக்குள் வந்து 5 வருடம் 3 மாதம் கடந்துவிட்டால் பொதுவாக இருக்கிற வீட்டில் தொடரலாமே தவிர, புது வீட்டுக்கு மாற முடியாது. எனக்கு அந்தக் கெடுவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. நாலரை வருடம் தாண்டியவர்கள் மிக வயதானவர் வீட்டை ஏற்கும்போது இதையும் யோசித்துக்கொள்ளுங்கள், கேட்கக் கொடூரமாக இருந்தாலும். வீட்டைப் பூட்டப் போகிறார்கள் என்றால் நமக்குத் தங்கவும் இடம் வேண்டும். தெற்கு டெல் அவிவில் நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கிற அறையில் ஒரு படுக்கைக்குப் பங்கு எப்போதும் வைத்திருங்கள்.

முதலாளி இறந்தால் வேலை செய்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று பிட்சூயிம் என்கிற பணிக்கொடை உண்டு. எனக்குச் சேர வேண்டியது சுமார் இருபத்தோராயிரம் ஷெக்கல். குடும்பம் ஏஜென்சியைக் கேள் என்றது, ஏஜென்சி குடும்பத்தைக் கேள் என்றது. துக்க வீட்டில் பணம் கேட்கிறோமே என்று எனக்கும் கூச்சம். டெல் அவிவில் தொழிலாளர்களுக்கு உதவுகிற ‘காவ் லாஓவேத்’ அமைப்பின் உதவியோடு பதினாலாயிரம் கிடைத்தது. முதல் ஒன்றே கால் வருடம் சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் பணமாகக் கொடுத்திருந்தார்கள், அந்தக் காலத்துக்கு ஆதாரம் இல்லாமல் ஏழாயிரம் ஷெக்கல் போய்விட்டது. ஒரு லட்சத்துக்கும் மேல். முதல் மாதத்திலிருந்தே ‘த்லூஷ்’ என்கிற சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி வையுங்கள். பணம் கையில் தந்தால் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல மனிதர்கள் வீடுதானே என்று விட்டுவிடக்கூடாது. அவர்கள் நல்லவர்கள்தான், எனக்கு வர வேண்டியது அப்படியும் வரவில்லை.

முப்பதாம் நாள் கல்லறையில் கல் நாட்டும்போது வரலாமா என்று நானே மகளிடம் கேட்டேன். கூப்பிடாமல் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், கேளுங்கள். ‘உன்னைக் கூப்பிடணும்னே தோணலையே, நீ வருவேன்னுதானே இருந்தோம்’ என்றார். அதற்குள் நான் ஒரு அஷ்கெனாஸி வீட்டில் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் விடுப்பு கேட்டதும், புது முதலாளி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடனே விட்டார். போய்க் கல்லின் மேல் ஒரு சின்னக் கல் வைத்துவிட்டு வந்தேன், அது அவர்கள் முறை. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது சேந்தமங்கலம் போனேன். அந்த ஜெப ஆலயம் இப்போது அருங்காட்சியகம். முற்றத்தில், சாரா என்கிற பெண்ணின் 1269ஆம் வருடத்துக் கல்லறைக்கல் நிற்கிறது, இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுகளில் அதுதான் பழையது என்று சொல்கிறார்கள். அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பேத்தி அடுத்த வருடம் கேரளம் வர விரும்புகிறாள், பறவூரில் எங்கே தங்கலாம் என்று பதில் வந்தது.